பாரசீகப் பூனைக்குட்டி வாங்கப் போகிறீர்களா?



எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த பாரசீகப் பூனைக்குட்டி ஒன்பது நாள்களே உயிரோடிருந்தது. இளைய மகளுக்கு அப்போது வயது எட்டு. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால் பூனைக்குட்டி வாங்கித் தருவதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கைக் காப்பதற்காக, கைப்பேசியில் வந்த ஒரு புகைப்படத்தை நம்பி, மும்பையின் புறநகர் ஒன்றில் குட்டி விற்கும் ஒருவரிடம் ஒன்பதாயிரம் ரூபாயைக் கொடுத்தேன். பஞ்சுப் பொதியைப் போன்ற சாம்பல் நிறக் குட்டி; நீலக் கண்கள். இரண்டு மாதம் ஆகிறது, ஊசியெல்லாம் போட்டாயிற்று என்றார் விற்றவர். ஊசிப் புத்தகம் எங்கே என்று கேட்கவேண்டும் என்பதுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது.

நான்காம் நாள் குட்டி வாந்தி எடுத்தது. இடம் மாறியதால் இருக்கும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். ஐந்தாம் நாள் அது தண்ணீர்க் கிண்ணத்தின் அருகே தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தது. அப்போதும் நான் அசையவில்லை. மாதக் கடைசி, மருத்துவர் எவ்வளவு கேட்பாரோ என்னும் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது. மகளிடம், "ஜெபம் பண்ணு, சரியாகிவிடும்" என்றேன். அவள் முழங்காலில் நின்று, "இயேசப்பா, என் குட்டியைச் சுகமாக்கும்" என்று கண்ணீரோடு ஜெபித்தாள். ஆறாம் நாள்தான் மருத்துவரிடம் கொண்டுபோனோம். அவர் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார், தராசில் வைத்தார், கண்ணைப் பார்த்தார். "இது இரண்டு மாதக் குட்டி அல்ல, ஐந்து, ஆறு வாரம்தான் இருக்கும். தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிட்டார்கள். இதற்குப் பான்லுக்கோபீனியா வந்திருக்கிறது" என்றார். ஒன்பதாம் நாள் இரவில் குட்டி இறந்தது.

அடுத்த நாள் மகள் கேட்ட கேள்வி இது: "அப்பா, நான் ஜெபம் பண்ணினது சரியில்லையா?"

அவளுடைய ஜெபத்தில் ஒரு குறையும் இருக்கவில்லை. குறை என்னிடத்தில் இருந்தது. கேட்கவேண்டியதைக் கேட்காமல் வாங்கினேன். போகவேண்டிய வேளையில் மருத்துவரிடம் போகவில்லை. என் சோம்பலுக்கும் கஞ்சத்தனத்துக்கும் ஜெபத்தைத் திரையாக்கினேன். அதை அவளிடம் அப்படியே சொல்லவேண்டியதாயிற்று. சொல்வது எளிதாக இருக்கவில்லை.

மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி என்று பிழைப்புக்காக வந்து குடியேறிய நம் குடும்பங்களில் இப்போது பிள்ளைகள் நீள்முடிப் பூனைக்குட்டி கேட்கிறார்கள். நம் சபையிலேயே நான்கு வீடுகளில் இருக்கிறது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்கிற சகோதரர்களும் உண்டு. ஆகவே, ஒரு குட்டியை இழந்தும் இன்னொன்றை ஐந்து ஆண்டுகளாக வளர்த்தும் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

இது எந்தப் பூனை?

இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, பாரசீகத்தின் கோராசான் பகுதியில் கண்ட நீண்ட பட்டுமுடிப் பூனைகளைத் தம் நாட்டுக்குக் கொண்டுபோக விரும்பியதைப்பற்றி 1620 வாக்கில் எழுதினார். (அவரே 1623-இல் நம் சூரத் துறைமுகத்தில் வந்து இறங்கியவர்.) 1871-இல் இலண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த பூனைக் கண்காட்சியில் இந்த இனம் பெயர் பெற்றது. அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டதால், 2008-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றில் இன்றைய பாரசீகப் பூனை மேற்கு ஐரோப்பியப் பூனைகளுக்கே நெருங்கிய உறவு என்று தெரியவந்தது. பெயர் பாரசீகம், ஊர் வேறு. நம்மில் பலர் பிறந்த ஊரைக் கேட்டால் அப்பாவின் ஊரைச் சொல்வதுபோல!

இதன் நீண்ட முடி ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. சாதாரணப் பூனையின் முடி ஓர் அளவோடு வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். இதற்கோ அந்த நிறுத்தம் தாமதமாக வருகிறது. காட்டிலோ தெருவிலோ இப்படிப்பட்ட முடியோடு அது தானாகப் பிழைக்க முடியாது. மனிதன் அதை இப்படி வளர்த்துவிட்டான். ஆகவே மனிதனுடைய கை அதற்கு நாள்தோறும் தேவை. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முகத்தைப் பார்த்து விலை

விற்பவர்கள் இவற்றை "டால் பேஸ்", "செமி பஞ்ச்", "பஞ்ச் பேஸ்" என்று மூன்றாகப் பிரிப்பார்கள். மூக்கு நன்றாக வெளியே தெரிவது டால் பேஸ். முகத்தில் குத்துவிட்டதுபோல மூக்கு உள்ளே அமுங்கியிருப்பது பஞ்ச் பேஸ். மூக்கு எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு விலை ஏறும். இதைவிட விபரீதமான ஒரு வியாபாரத்தை நான் கண்டதில்லை. மூக்குத் துவாரம் குறுகினால் குட்டிக்கு மூச்சுத் திணறும். மேல்தாடையும் கீழ்த்தாடையும் பொருந்தாமல் உணவைக் கவ்வத் தடுமாறும். கண்ணீர்க் குழாய் மடிந்து கண்ணீர் கன்னத்தில் வழிந்துகொண்டேயிருக்கும். வெயில் காலத்தில் உடல் சூட்டைத் தணிக்க முடியாமல் தவிக்கும். அந்தத் தவிப்புக்கு நாம் அதிகப் பணம் கொடுக்கிறோம். அலங்காரத்துக்காக ஒரு ஜீவனின் மூச்சைக் குறைப்பது தேவனுடைய படைப்பை மதிக்கிறதாகுமா? என் ஆலோசனை ஒன்றே: வாங்கத்தான் போகிறீர்களென்றால், மூக்கு நன்றாகத் தெரிகிற குட்டியையே வாங்குங்கள். "சாதாரணம்" என்று விற்பவர் இகழ்ந்தாலும் இகழட்டும்.

கேட்கவேண்டியவை

குட்டி தாயோடும் உடன்பிறந்தவைகளோடும் 12 வாரமாவது இருக்கட்டும். கடித்தால் வலிக்கும், நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளவேண்டும், மணலில்தான் மலஜலம் கழிக்கவேண்டும் என்பதையெல்லாம் அது அங்கேதான் கற்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்குத் தாய்ப்பாலால் வந்த எதிர்ப்புச் சக்தி குறையும் வேளையில் தடுப்பூசியின் பலனும் இராது. எங்கள் குட்டி அந்த இடைவெளியில்தான் விழுந்தது.

விற்பவரின் வாய்வார்த்தையை விட்டுவிட்டு, குட்டியையே பாருங்கள். எட்டு வாரக் குட்டி ஏறத்தாழ 800 கிராமாவது இருக்கவேண்டும். பிறந்த எல்லாக் குட்டிகளுக்கும் கண் நீலமாகத்தான் இருக்கும். ஆறு, ஏழு வாரத்துக்குப் பிறகே உண்மையான நிறம் எழும்பும். எங்கள் குட்டியின் நீலக் கண்ணைக் கண்டு நாங்கள் மயங்கினோமே, அது அழகு அல்ல, இளமையின் சாட்சி! வளர்ந்தபின்னும் நீலக் கண்ணுடைய வெள்ளைப் பூனைகள் உண்டு. அவற்றில் பலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேளாது. பின்னாலிருந்து கைதட்டிப் பாருங்கள்.

தாய்ப்பூனையைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். வால் அடியில் ஈரமும் அழுக்கும் இருக்கிறதா, காதுக்குள் காப்பித்தூள் போன்ற கறுப்பு இருக்கிறதா, வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியில் சொன்னது பூச்சியின் அடையாளம்.

வம்சாவளிச் சான்று வேண்டுமென்றால் பன்னாட்டுப் பூனைச் சங்கங்களின் பதிவுத் தாளைக் கேட்கவேண்டும். நம் சந்தையில் விற்கப்படுபவற்றில் பெரும்பாலானவைக்கு அது இராது. தாள் இருந்தாலும் அது பாட்டன் பூட்டன் பெயரைச் சொல்லுமேயன்றி ஆரோக்கியத்தைச் சொல்லாது. அதைக்காட்டிலும் முக்கியமான ஒரு கேள்வி உண்டு. பாரசீகப் பூனைகளில் சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது. இதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 2004-இல் கண்டறியப்பட்டது. அதற்கு முன்பு பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் இந்த இனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவைக்கு இந்நோய் இருந்தது தெரிந்தது. பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே போதும். பிறக்கும் குட்டிகளில் ஏறத்தாழப் பாதிக்கு வரும். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும். "தாய்க்கும் தகப்பனுக்கும் சிறுநீரகச் சோதனை பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும், நீங்கள் விவரம் தெரிந்தவர் என்பது விற்பவருக்குத் தெரியும். 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி செல்லப்பிராணிக் கடை நடத்துகிறவர் மாநில விலங்குநல வாரியத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். பதிவுச் சான்றையும் கேட்கலாம்.

ஒரு குட்டி இறந்த வீட்டில்

பான்லுக்கோபீனியா என்பது இரத்தத்தின் வெள்ளை அணுக்களைக் குறைத்துக் குடலைப் புண்ணாக்கும் வைரஸ் நோய். மனிதருக்குத் தொற்றாது. ஆனால் அந்த வைரஸ் தரையிலும் பாயிலும் துணியிலும் ஒரு வருடம்வரை உயிரோடிருக்கும். பிள்ளை அழுகிறதே என்று மறுவாரமே இன்னொரு சின்னக் குட்டியைக் கொண்டுவருவதைப் போன்ற கொடுமை வேறில்லை. அதுவும் அதே வழியில் போகும். நாங்கள் பாயையும் கூடையையும் அப்புறப்படுத்தி, 1 பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தோம். பதினான்கு மாதம் காத்திருந்தோம். இரண்டாவது குட்டி புனேயில் ஒரு வீட்டிலிருந்து 14 வார வயதில், ஊசிகள் முறையாய்ப் போட்ட புத்தகத்தோடு வந்தது. அங்கே தாய்ப்பூனை என் மடியிலேயே ஏறி உட்கார்ந்தது.

தடுப்பூசி 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கொருமுறை, 16 வாரம் முடியும்வரை போடவேண்டும். ஒன்று போட்டாயிற்று என்று நிறுத்திவிட்டால் பயனில்லை. வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில். பிள்ளையைக் குட்டி கடித்தாலோ பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள். சுண்ணாம்பும் மஞ்சளும் வேண்டாம். பணநெருக்கடி உள்ளவர்களுக்கு மும்பையில் பரேல் மிருக மருத்துவமனை இருக்கிறது. "பைல் கோடா ஆஸ்பத்திரி" என்று கேட்டால் யாரும் வழிகாட்டுவார்கள். எருதுக்கும் குதிரைக்கும் வைத்தியம் பார்த்ததால் வந்த பெயர், பூனைக்கும் பார்க்கிறார்கள்.

குட்டி ஒரு நாள் முழுவதும் உண்ணாவிட்டால் அதுவே அவசரம். வாயைத் திறந்துகொண்டு நாய்போல மூச்சு வாங்கினால் அது அதைவிட அவசரம். ஜெபித்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுங்கள். ஆட்டோவில் ஜெபிக்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

என்ன கொடுப்பது?

"எங்கள் ஊரில் பூனை மீன்முள்ளும் குழம்புச்சோறும் தின்றே வளர்ந்ததே!" என்று என் மாமியார் கேட்டார். உண்மைதான். ஆனால் அந்தப் பூனை இரவில் எலியும் பல்லியும் பிடித்துத் தின்றதை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. பூனைக்கு டாரின் என்னும் சத்து அவசியம், அதன் உடம்பு போதிய அளவு அதை உண்டாக்கிக்கொள்ளாது, மாமிசத்திலிருந்துதான் வரவேண்டும். அது குறைந்தால் பார்வை மங்கும், இருதயம் பலவீனப்படும். நான்காம் மாடியில் அடைபட்ட குட்டிக்கு எலி எங்கே கிடைக்கும்? ஆகவே குட்டிகளுக்கென்று தயாரித்த பூனை உணவைக் கொடுங்கள். நாய் உணவு ஆகாது. அதோடு வேகவைத்த கோழி, முள் நீக்கிய மீன் சேர்க்கலாம். உப்பு, காரம், முக்கியமாக வெங்காயமும் பூண்டும் சேரவே கூடாது. அவை பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். நம் மீன்குழம்பில் இவை இரண்டும் இல்லாத நாள் உண்டா?

பால் விட்ட குட்டிக்குப் பசும்பால் பேதியை உண்டாக்கும். படத்தில் பூனையும் பால்கிண்ணமும் சேர்ந்தேயிருப்பதால் நாம் ஏமாந்துபோகிறோம். சுத்தமான தண்ணீர் போதும். முகம் தட்டையாயிருப்பதால் ஆழமான கிண்ணம் வேண்டாம். அகன்ற பீங்கான் தட்டு நல்லது.

சீப்பு

இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்கவேண்டும். நாள்தோறும் கால்மணி நேரம் சீப்புப் போட உங்கள் வீட்டில் ஓர் ஆள் இல்லையென்றால், இந்தப் பூனை உங்கள் வீட்டுக்கு வேண்டாம். வாரம் ஒருமுறை சேர்த்து வாரிவிடலாம் என்பது நடவாது. இதன் அடிமுடி பஞ்சு போன்றது. இரண்டு நாள் விட்டால் முறுக்கிக்கொள்ளும், ஒரு வாரத்தில் சடையாகும், மூன்று வாரத்தில் அந்தச் சடை தோலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதன்பிறகு பூனை ஓர் அடி எடுத்து வைத்தாலும் யாரோ முடியைப் பிடித்து இழுப்பதுபோல வலிக்கும். சடைக்கு அடியில் தோல் புண்ணாகிப் புழு வைத்த பூனையை நான் பார்த்திருக்கிறேன். வெளியே பார்க்க அது அழகாகத்தான் இருந்தது.

இரும்புச் சீப்பு இரண்டு வாங்குங்கள்: ஒன்று அகலப் பல், ஒன்று நெருக்கப் பல். வந்த இரண்டாம் நாளிலிருந்தே தொடங்கவேண்டும். முதலில் இரண்டே நிமிடம். குட்டி உறங்கி எழுந்து மந்தமாய் இருக்கும் வேளையில், மடியில் வைத்து, முதுகிலிருந்து. பழகப் பழக நேரத்தைக் கூட்டலாம். சிக்கு விழும் இடங்கள் நான்கு: காதின் பின்புறம், முன்காலின் அக்குள், வயிறு, பின்தொடையின் உட்புறம். பலர் முதுகை மட்டும் பளபளக்க வாரிவிட்டு, இந்த நான்கையும் தொடுவதேயில்லை. முடியைக் கையால் மேல்நோக்கி ஒதுக்கி, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, அடியிலிருந்து நுனிவரை வாரவேண்டும். மேலோட்டமாய் வாரினால் உள்ளே சடை அப்படியே இருக்கும்.

சின்னச் சிக்கில் சிறிது சோளமாவு தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து தொடங்கிச் சீப்பை விடுங்கள். கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனையின் தோல் காகிதம்போல மெலிந்தது, சிக்கோடு சேர்ந்து தோலும் மேலே எழும்பி வரும், வெட்டியபிறகுதான் தெரியும். பெரிய சடையை மருத்துவரிடம் இயந்திரத்தால் எடுத்துவிடுங்கள். முடி மறுபடியும் வளரும். நான்காம் மாதத்துக்குமேல் குட்டிமுடி உதிர்ந்து பெரிய முடி வரும் காலத்தில் சிக்கு இருமடங்காகும். "நேற்றுவரை நன்றாய் இருந்ததே" என்று பலர் சோர்ந்து கைவிடுவது அப்போதுதான்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று இரண்டு சகோதரிகள் கேட்டார்கள். நம் கைக்கு எண்ணெய் இல்லாமல் தலை வாரத் தெரியாது! பூனைக்கு வேண்டாம். தூசு ஒட்டும், சிக்கு இறுகும், அது நக்கிக்கொண்டே இருக்கும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரில், பூனைக்கென்ற ஷாம்பூவில் குளிப்பாட்டலாம். அதற்குமுன் வாரவேண்டும், ஏனென்றால் நனைந்த சிக்கு கல்லாகிவிடும். பிறகு முற்றிலும் உலர்த்தவேண்டும். மும்பை மழைக்காலத்தில் அரைகுறையாய் உலர்ந்த முடிக்குள் படர்தாமரை வளரும். இந்த இனத்துக்கு அது எளிதில் வரும், பிள்ளைகளுக்கும் தொற்றும். என் மகளின் கையில் வட்டமாய் ஒரு தடிப்பு வந்தபோதுதான் பூனையின் காதோரம் முடி உதிர்ந்திருந்ததைக் கவனித்தோம். இருவருக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் செய்யவேண்டியதாயிற்று.

கண்ணை நாள்தோறும் துடைக்கவேண்டும்: கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சு, ஒரு கண்ணுக்கு ஒன்று. விட்டுவிட்டால் கன்னத்து முடி பழுப்பேறித் தோல் வேகும்.

நம் வீடுகளில் உள்ள ஆபத்து

225 சதுர அடி வீட்டில் ஐந்து பேர் இருக்கிற நிலையை நான் அறிவேன். இடம் சிறிதாயிருப்பது பூனைக்குப் பெரிய குறையல்ல. மேலே ஏற ஒரு பலகையும் ஒளிய ஓர் அட்டைப்பெட்டியும் கிடைத்தால் அதற்கு அரண்மனைதான். ஜன்னல்தான் ஆபத்து. புறாவைத் துரத்தி நான்காம் மாடியிலிருந்து விழுந்த பூனைகள் உண்டு. புறாவுக்காக மும்பையில் எல்லாரும் கட்டுகிற அதே வலையை, பூனை வருமுன்னே, இறுகக் கட்டிவிடுங்கள்.

தண்ணீரில் ஊற்றினால் பால்போல் வெளுக்கும் கிருமிநாசினிகளாலும் ஃபினாயிலாலும் தரை துடைப்பது பூனைக்கு விஷம். பாதத்தை நக்கும்போது உள்ளே போகும். காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்திலும் பெர்மெத்ரின் இருந்தால் அதே கதி. இன்னொன்று நம் சபையாருக்கென்றே சொல்லவேண்டும்: ஈஸ்டருக்கும் திருமணத்துக்கும் மேடையில் வைக்கும் லில்லிப் பூங்கொத்தை ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு எடுத்துப்போகிற வழக்கம் நமக்குண்டு. அந்தப் பூவின் மகரந்தம் உடம்பில் பட்டு அதை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் மூன்று நாளில் செயலிழக்கும். பூனையுள்ள வீட்டுக்கு லில்லி வேண்டாம், ரோஜா கொண்டுபோங்கள்.

மணல் தட்டை நாள்தோறும் சுத்தம் செய்யவேண்டும். கர்ப்பிணிச் சகோதரிகள் அந்த வேலையைச் செய்யவேண்டாம், கணவர் செய்யட்டும். ஒரு நாளுக்குமேல் கிடக்கும் பூனை மலத்திலிருந்து கருவைப் பாதிக்கும் ஒரு கிருமி தொற்ற வாய்ப்புண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளையிருந்தால், வாங்குமுன் பூனையுள்ள வீட்டில் சில முறை இருந்து பாருங்கள். ஒவ்வாமை முடியால் வருவதல்ல. எச்சிலிலும் தோலிலும் உள்ள ஒரு புரதத்தால் வருவது. ஆகவே முடியை மழித்தாலும் தீராது.

சபையில் கேட்கும் கேள்விகள்

பூனை குறுக்கே போனால் சகுனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டே சிலர் படியேறி வருகிறார்கள். சகுனம் பார்க்கிற பழக்கத்தை ஞானஸ்நானத்தோடு விட்டுவிட்டோமே!

வேதத்தில் பூனை உண்டா என்று ஞாயிறுபள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள். நம் 66 ஆகமங்களில் வீட்டுப்பூனை இல்லை. ஆனால் தாவீதிடத்தில் நாத்தான் சொன்ன உவமையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஏழை தன் ஒரே ஆட்டுக்குட்டியைத் தன் பிள்ளைகளோடு வளர்த்தான். தன் உணவில் பங்கு கொடுத்து மடியில் உறங்கவைத்தான். வீட்டுப் பிராணியை நேசிப்பதில் பாவமில்லை என்பதற்கு எனக்கு அது போதும். அந்த ஏழை அதைக் கண்காட்சிக்கு வைக்கவில்லை என்பதும் உண்மை. பூனைக்கு மாதம் இரண்டாயிரம் ரூபாய் செலவிட்டுக்கொண்டு ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப மறப்பவருக்கு நான் பூனை வாங்கச் சொல்லமாட்டேன்.

கருத்தடை செய்வது படைப்பின் ஒழுங்குக்கு விரோதமா என்று ஒரு மூத்த சகோதரர் கேட்டார். நான் அவரிடம் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்றில் பத்துப் பன்னிரண்டு குட்டி பிறந்தால் எங்கே விடுவோம்?" பெரிய தலையும் குறுகிய இடுப்பும் உள்ள இந்த இனத்தில் பிரசவமே ஆபத்து. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் கருத்தடை செய்துவிடுவது நல்லது. அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் தம் வீட்டுப் பூனையைக் கொண்டுபோய்ச் செய்துகொண்டு வந்துவிட்டார்.

மே மாதம்

கடைசியாக, நம்மைப்போல் ஊர்விட்டு வந்தவர்களுக்கே உரிய ஒரு சிக்கல். கோடை விடுமுறையில் நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ரயில் ஏறுவோமே, பூனை எங்கே? படுக்கை வசதிப் பெட்டியில் அனுமதியில்லை. முதல் வகுப்பில் அறை முழுவதையும் நம் பெயரில் எடுத்தால்தான் உடன்கொண்டு போகலாம். இல்லையேல் கார்டு பெட்டியின் கூண்டு. மே மாத வெயிலில் ஒரு நாளுக்கும் மேலாகத் தட்டைமுகப் பூனையை அந்தக் கூண்டில் அனுப்புவதைப்பற்றி நினைக்கவும் வேண்டாம். பூட்டிய வீட்டில் தட்டு நிறைய உணவு வைத்துவிட்டுப் போவதும் ஆகாது. ஊருக்குப் போய்த் திரும்பிய ஒருவர், தம் பூனையைக் கட்டிட வாசலில் விட்டுவிட்டுப் போனதாக என்னிடம் சாதாரணமாய்ச் சொன்னார். அந்தப் பூனை என்ன ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆகவே குட்டி வாங்குமுன்னே, மே மாதத்தில் அதை யார் பார்ப்பார்கள் என்பதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சபையில் பூனை வளர்க்கும் இரண்டு குடும்பங்கள் மாறி மாறி ஊருக்குப் போவதாக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். எங்களுக்கு மூன்றாம் மாடி மராத்திய மாவ்ஷி இருக்கிறார்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே மகள் பூனையையும் இரண்டு சீப்புகளையும் கொண்டுபோய், அவர்கள் மடியில் வைத்து, அக்குளில் எப்படி வகிடு எடுப்பது என்று காட்டிக்கொடுப்பாள். மாவ்ஷி நாள்தோறும் இரவு ஏழு மணிக்கு வாரிவிட்டு, சீப்பில் வந்த முடியைப் புகைப்படம் எடுத்து அனுப்புவார்கள். ஊரில் ஆலமரத்தடியில் உட்கார்ந்து அவள் அதைப் பெரிதாக்கிப் பார்த்து, "இன்றைக்குக் கொஞ்சம் குறைவாய் வந்திருக்கிறது, வயிற்றை விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது" என்பாள்.